முகவரி அறிந்தவையும் விசை உடையவையும்: படியெடுத்தல் காரணிகள் குரோமாட்டினைத் திறக்கும் விதம்

இரத்தச் சிவப்பணுக்கள் உருவாவதற்கு இன்றியமையாத காட்டா-1 என்ற புரதம் டி.என்.ஏ.வில் தேடுவது ஆறே எழுத்துகள் கொண்ட ஒரு சிறு தொடரை. முதலில் ஏ அல்லது டி, அடுத்து ஜி, ஏ, டி, ஏ என்ற நான்கும் மாறாத வரிசையில், இறுதியில் ஏ அல்லது ஜி. நான்கு எழுத்துகளால் மட்டுமே எழுதப்பட்ட ஒரு நூலில் இப்படியொரு தொடர் தற்செயலாகவே ஏறத்தாழ 1,000 எழுத்துகளுக்கு ஒருமுறை வந்துவிடும். இரண்டு இழைகளையும் கணக்கில் கொண்டால் 500 எழுத்துகளுக்கு ஒருமுறை. மனித மரபணுத்தொகுதியின் நீளம் ஏறத்தாழ 300 கோடி கார இணைகள், அதாவது இரு இழைகளிலும் எதிரெதிரே இணைந்த எழுத்து இணைகள், என்பதால், காட்டா-1 அமரத் தகுந்த இடங்கள் 60 லட்சம் அளவில் இருக்க வேண்டும். ஆனால் ஒரு செல்லுக்குள் அது உண்மையில் சென்று அமரும் இடங்கள் ஆயிரக்கணக்கில்தான் உள்ளன. தகுதியுள்ள இடங்களில் நூற்றில் ஒரு பங்கைக்கூட அவை எட்டுவதில்லை. எழுத்து ஒன்றே, புரதமும் ஒன்றே என்னும்போது, மற்ற இடங்களை அது ஏன் கடந்து போகிறது என்ற கேள்விக்கு விடை தேடுவதே மரபணு ஒழுங்குபாட்டைப் புரிந்துகொள்வதற்கான நேரான வழி.

விடையின் முதற்பகுதி டி.என்.ஏ. வைக்கப்பட்டிருக்கும் முறையில் இருக்கிறது. ஒரு மனிதச் செல்லின் டி.என்.ஏ.வை நீட்டி வைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவேயான உட்கருவுக்குள் அடங்கியிருக்கிறது. இதைச் சாத்தியமாக்குவன ஹிஸ்டோன் புரதங்கள். எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்ற நான்கு ஹிஸ்டோன்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து எட்டு புரதங்களால் ஆன ஓர் உருளையாகின்றன, அதன்மேல் டி.என்.ஏ. ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக, 147 கார இணை நீளத்துக்குச் சுற்றிக்கொள்கிறது. இந்த அலகுதான் நியூக்ளியோசோம். இதன் அடிப்படை அமைப்பை 1974ஆம் ஆண்டில் ரோஜர் கோர்ன்பெர்க் முன்மொழிந்தார். 1997இல் கரோலின் லூகர், திமோத்தி ரிச்மண்ட் ஆகியோரின் குழு அதன் படிக அமைப்பை அணு அளவில் காட்டியது. ஒரு செல்லில் இத்தகைய நியூக்ளியோசோம்கள் ஏறத்தாழ 3 கோடி இருக்கின்றன. அவையும் அவற்றோடு இணைந்த பிற புரதங்களும் டி.என்.ஏ.வும் சேர்ந்த தொகுப்பையே குரோமாட்டின் என்கிறோம்.

குரோமாட்டினை வெறும் பொதி என்று எண்ணிவிடக் கூடாது. சுற்றப்பட்ட டி.என்.ஏ.வின் ஒரு பக்கம் ஹிஸ்டோன்களை நோக்கித் திரும்பியிருக்கிறது. மறுபக்கத்தை ஒட்டி அடுத்த சுற்று ஓடுகிறது. இழையைச் சுற்றிப் பிடித்துப் படிக்கும் அமைப்புடைய புரதத்துக்கு அங்கே இடமே இல்லை. ஆகவே எழுத்து இருந்தும் படிக்க முடியாத நிலையில் மரபணுத்தொகுதியின் பெரும்பகுதி எப்போதும் இருக்கிறது. எந்தப் பகுதி மறைந்திருக்கிறது என்பது செல்லுக்குச் செல் மாறுகிறது என்பதை 1976ஆம் ஆண்டில் ஹரோல்டு வைன்ட்ராபும் மார்க் கிரவுடினும் கோழியின் செல்களைக் கொண்டு காட்டினார்கள். பறவைகளின் சிவப்பணுக்களில், நம்முடையவற்றைப் போல் அன்றி, உட்கரு உண்டு. அந்த உட்கருக்களில் டி.என்.ஏ.வை வெட்டும் நொதியைச் சிறிதளவு சேர்த்தபோது, ஹீமோகுளோபினுக்கான குளோபின் மரபணு விரைவாகச் சிதைந்தது. முட்டை வெண்கருப் புரதமான ஓவால்புமினுக்குரிய மரபணு அப்படிச் சிதையவில்லை. குளோபினை உருவாக்காத பிற செல்களில் அதே குளோபின் மரபணு நொதிக்கு எளிதில் வசப்படவில்லை. ஒரு மரபணு வேலை செய்யும் செல்லில் அதன் குரோமாட்டின் தளர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அந்நாளில் இல்லை. 2013இல் வந்த ஏடாக்-சீக் என்ற முறை இதே கருத்தைப் பின்பற்றி, வேறொரு நொதியைக் கொண்டு, மரபணுத்தொகுதி முழுவதிலும் எங்கெங்கே குரோமாட்டின் திறந்திருக்கிறது என்பதைச் சில ஆயிரம் செல்களிலிருந்தே வரைந்து தருகிறது. படியெடுத்தல் காரணிகள் அமரும் இடங்களில் மிகப்பெரும்பாலானவை இந்தத் திறந்த பகுதிகளிலேயே இருக்கின்றன.

காட்டா-1 போன்ற படியெடுத்தல் காரணி என்பது டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட எழுத்துத் தொடரை அடையாளம் கண்டு அங்கே அமர்ந்து, அருகிலோ தொலைவிலோ உள்ள மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. படி எடுக்கப்படுவதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் புரதம். மனிதர்களிடம் இத்தகைய காரணிகள் ஏறத்தாழ 1,600 உள்ளன. இவற்றைப் பற்றிய நம் முதல் சித்திரம் பாக்டீரியாவிலிருந்து வந்தது. 1961இல் ஃபிரான்சுவா ஜேக்கப், ஜாக் மோனோ ஆகியோர் லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் மரபணுக்களை ஓர் அடக்கி தடுத்து நிறுத்துகிறது என்றும், சர்க்கரை வந்தால் அந்தத் தடை விலகுகிறது என்றும் விளக்கினார்கள். அழகான விளக்கம், ஆயினும் பாக்டீரியாவில் நியூக்ளியோசோம் இல்லை. அங்கே மரபணுவின் இயல்பு நிலை திறந்த நிலை. தடுப்பதற்குத்தான் புரதம் வேண்டும். நம் செல்களில் இயல்பு நிலை மூடிய நிலை. திறப்பதற்கே உழைப்பு வேண்டும். இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளாமல் பாடநூல்களின் லாக்டோஸ் படத்தை அப்படியே மனிதச் செல்லுக்குள் பொருத்திப் பார்ப்பதால்தான் இத்துறை பலருக்கும் குழப்பமாகத் தோன்றுகிறது என்பது என் கருத்து.

திறக்கும் உழைப்பைச் செய்பவை குரோமாட்டின் மறுசீரமைப்பு இயந்திரங்கள். அவை கண்டறியப்பட்ட வரலாறு பொறுமையான மரபியல் ஆய்வின் நல்ல எடுத்துக்காட்டு. 1980களில் ஈஸ்டை ஆராய்ந்த இரு தரப்பினர் தொடர்பே இல்லாத இரண்டு குறைபாடுகளைத் தேடிக்கொண்டிருந்தனர். ஒரு தரப்பு இனச்சேர்க்கை வகையை மாற்றிக்கொள்ள இயலாத ஈஸ்டுகளைப் பிரித்தெடுத்தது; மற்றது சுக்ரோஸ் சர்க்கரையை நொதிக்கவைக்க இயலாதவற்றைப் பிரித்தெடுத்தது. இரண்டு தேடல்களும் இறுதியில் ஒரே புரதத் தொகுப்பில் வந்து முடிந்தன. இரு பெயர்களும் ஒட்டிக்கொண்டு அது ஸ்விட்ச்-ஸ்னிஃப் தொகுப்பு என்றாகிவிட்டது. அதன் வேலை என்ன என்பதற்கு முதற்குறிப்பு எதிர்பாராத திசையிலிருந்து கிடைத்தது. இந்தத் தொகுப்பு பழுதான ஈஸ்டில் ஹிஸ்டோன் மரபணுக்களில் சிலவற்றை நீக்கினால் பழுது பெருமளவு சரியாகிவிடுகிறது என்று 1990களின் தொடக்கத்தில் தெரியவந்தது. ஹிஸ்டோன் குறைந்தால் இயந்திரம் தேவைப்படுவதில்லை எனில், அந்த இயந்திரம் ஹிஸ்டோனுக்கு எதிராகத்தான் வேலை செய்துகொண்டிருந்திருக்க வேண்டும். 1994இல் சோதனைக் குழாய் ஆய்வுகள் அதை நேரடியாகவே உறுதிப்படுத்தின.

இந்த இயந்திரம் நியூக்ளியோசோமைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, ஏ.டி.பி. மூலக்கூறை எரித்துப் பெறும் ஆற்றலால், சுற்றியிருக்கும் டி.என்.ஏ.வை ஓரிரு கார இணைகளாக இழுத்து நகர்த்துகிறது. இழுக்க இழுக்க நியூக்ளியோசோம் இழையின்மீது வழுக்கிச் செல்கிறது. சில வேளைகளில் ஹிஸ்டோன்கள் முற்றிலும் கழன்றுவிடுகின்றன. இதே ஆற்றல் மூலத்தைப் பயன்படுத்தும் நான்கு பெருங்குடும்பங்கள் உள்ளன. சில நியூக்ளியோசோம்களைச் சீரான இடைவெளியில் அடுக்குகின்றன, சில ஒரு வகை ஹிஸ்டோனைக் கழற்றி வேறு வகையைப் பொருத்துகின்றன. ஆகவே மறுசீரமைப்பு என்றாலே திறப்பு என்று பொருள் கொள்ளக் கூடாது. ஆனால் எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. எழுத்துத் தொடரைப் படித்து இடத்தைத் தேர்ந்தெடுக்கும் திறன் அவற்றுக்கு மிகக் குறைவு. 3 கோடி நியூக்ளியோசோம்களில் எதைத் தொட வேண்டும் என்பதை அவை தாமாக அறியா. படியெடுத்தல் காரணிகளின் நிலை இதற்கு நேர் எதிரானது: எழுத்தைப் படிக்கத் தெரியும், ஆனால் ஏ.டி.பி.யை எரித்து நியூக்ளியோசோமை நகர்த்தும் விசை அவற்றிடம் இல்லை. முகவரி ஒருவரிடம், விசை மற்றவரிடம். மரபணு ஒழுங்குபாட்டின் பெரும்பகுதி இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் நடக்கிறது.

அந்தச் சந்திப்பை மிகத் துல்லியமாகக் காட்டிய களம் ஈஸ்டின் ஃபோ5 மரபணு. பாஸ்பேட் பற்றாக்குறை ஏற்படும்போது சுற்றுப்புறத்திலிருந்து பாஸ்பேட்டைப் பிரித்தெடுக்கும் நொதிக்கான மரபணு அது. பாஸ்பேட் நிறைந்திருக்கும் காலத்தில் அதன் தொடக்கப் பகுதியை, அதாவது படியெடுத்தல் தொடங்கும் இடத்தை ஒட்டிய புரமோட்டர் பகுதியை, நான்கு நியூக்ளியோசோம்கள் நிலையாக மூடியிருக்கின்றன. அங்கே ஃபோ4 என்ற காரணி அமர இரண்டு முக்கிய இடங்கள் உண்டு. ஒன்று இரு நியூக்ளியோசோம்களுக்கு இடையேயான சிறு இடைவெளியில் வெளிப்பட்டுக் கிடக்கிறது. மற்றொன்று அண்டை நியூக்ளியோசோமுக்குள் புதைந்திருக்கிறது. பாஸ்பேட் குறைந்ததும் ஃபோ4 உட்கருவுக்குள் சேர்கிறது, வெளிப்பட்ட இடத்தில் அமர்கிறது, ஹிஸ்டோன்களில் அசெட்டைல் தொகுதியைச் சேர்க்கும் நொதிகளையும் மறுசீரமைப்பு இயந்திரங்களையும் வரவழைக்கிறது. அண்டை நியூக்ளியோசோம் கலைகிறது, புதைந்திருந்த இரண்டாம் இடம் வெளிப்படுகிறது, அங்கும் ஃபோ4 அமர்கிறது, அழைப்பு வலுப்பெறுகிறது, நான்கு நியூக்ளியோசோம்களும் கலைந்து, படியெடுக்கும் நொதிக்கு வழி கிடைக்கிறது. ஒரு சிறு இடைவெளியில் கிடைத்த பிடி எவ்வாறு ஒரு பகுதி முழுவதன் திறப்பாக வளர்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துரைக்கும் மரபணு ஒன்றை நான் அறியேன்.

இங்கே அசெட்டைல் தொகுதி பற்றிச் சற்று விளக்க வேண்டும். ஹிஸ்டோன்களின் வால்போன்ற முனைகள் நியூக்ளியோசோமுக்கு வெளியே நீண்டிருக்கின்றன. அவற்றிலுள்ள லைசின் அமினோ அமிலங்கள் நேர்மின்னூட்டம் கொண்டவை, டி.என்.ஏ. எதிர்மின்னூட்டம் கொண்டது. லைசினில் அசெட்டைல் தொகுதி சேர்ந்தால் அந்த நேர்மின்னூட்டம் நீங்கி, பிடிப்புத் தளர்கிறது. இதற்கும் ஆர்.என்.ஏ. ஆக்கத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்று வின்சென்ட் ஆல்ஃப்ரீ 1964ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது பெரும்பாலும் ஊகமாகவே கிடந்தது. 1996இல் டேவிட் ஆலிஸின் குழு டெட்ராஹைமீனா என்ற ஒற்றைச் செல் உயிரியிலிருந்து அசெட்டைல் சேர்க்கும் நொதியைப் பிரித்து அடையாளம் கண்டபோது, அது ஈஸ்டில் ஏற்கெனவே அறியப்பட்டிருந்த ஜிசிஎன்5 என்ற புரதத்தின் உறவினர் என்று தெரிந்தது. படியெடுத்தல் காரணிகளுக்குத் துணைநிற்கும் புரதம் என்றே ஜிசிஎன்5 அதுவரை அறியப்பட்டிருந்தது. காரணி அழைத்துவரும் துணைவன் ஹிஸ்டோனை மாற்றும் நொதியே என்பது அந்த ஒரு கண்டுபிடிப்பால் விளங்கிவிட்டது. அசெட்டைல் சேர்ந்த லைசினைப் பற்றிக்கொள்ளும் புரோமோடொமைன் என்ற உறுப்பு ஸ்விட்ச்-ஸ்னிஃப் இயந்திரத்திலேயே இருக்கிறது. எனவே காரணி வரவழைத்த நொதி இட்ட குறி, இயந்திரத்தை அந்த இடத்தில் மேலும் சிறிது நேரம் நிறுத்திவைக்கிறது.

இதுவரை சொன்னதில் ஒரு சிக்கல் மறைந்திருக்கிறது. இயந்திரத்தை அழைக்கக் காரணி டி.என்.ஏ.வில் அமர வேண்டும். காரணி அமர டி.என்.ஏ. திறந்திருக்க வேண்டும், டி.என்.ஏ. திறக்க இயந்திரம் வர வேண்டும். ஃபோ5 மரபணுவில் ஓர் இடைவெளி முன்பே இருந்ததால் இந்தச் சுழலிலிருந்து தப்ப முடிந்தது. முற்றிலும் மூடிக்கிடக்கும் பகுதியில் யார் முதலில் நுழைவது?

இதற்கு விடையாக வந்ததே முன்னோடிக் காரணி என்ற கருத்து. கென்னத் ஸாரெட்டின் ஆய்வகம் கல்லீரல் உருவாகும் முறையை ஆராய்ந்தபோது, ஆல்புமின் மரபணு இயங்கத் தொடங்குவதற்கு வெகு முன்பே, கருவின் குடற்படலச் செல்களில், அம்மரபணுவின் ஒழுங்குபாட்டுப் பகுதியில் ஃபாக்ஸ்ஏ, காட்டா ஆகிய காரணிகள் அமர்ந்திருப்பதைக் கண்டது. 2002இல் அக்குழு, ஏ.டி.பி.யின் துணை இல்லாமலேயே ஃபாக்ஸ்ஏ இறுக்கமாகச் செறிந்த நியூக்ளியோசோம் வரிசையில் அமர்ந்து அதைத் தளர்த்துவதைச் சோதனைக் குழாயில் காட்டியது. ஃபாக்ஸ்ஏ புரதத்தின் டி.என்.ஏ. பற்றும் பகுதி, நியூக்ளியோசோம்களை இணைத்துச் செறிவாக்கும் இணைப்பு ஹிஸ்டோனின் வடிவத்தை ஒத்திருப்பது 1993லேயே அறியப்பட்டிருந்தது. ஆகவே மூடும் புரதத்தின் இடத்தைத் திறக்கும் புரதம் பிடித்துக்கொள்ள முடிகிறது. வேறு காரணிகள் வேறு வழியைக் கையாள்கின்றன. அக்ட்4 என்ற காரணிக்கு டி.என்.ஏ.வைப் பற்ற இரு கரங்கள் உண்டு. நியூக்ளியோசோமில் அமரும்போது அது ஒரு கரத்தை மட்டும் பயன்படுத்தி, தன் தொடரின் பாதியைப் படித்தே அமர்ந்துகொள்வதை 2020இல் வெளியான நுண்ணோக்கிப் படங்கள் காட்டின. அதன் துணையான சாக்ஸ்2 அருகில் அமர்ந்து டி.என்.ஏ.வை வளைத்து, அதன் முனையை ஹிஸ்டோனிலிருந்து பிரிக்கிறது.

செல்லின் அடையாளத்தையே மாற்றும் வல்லமை இத்தகைய காரணிகளுக்கு இருப்பதில் வியப்பில்லை. மையோடி என்ற ஒற்றைக் காரணி இணைப்புத்திசுச் செல்லைத் தசைச் செல்லாக மாற்றுவதை 1987இல் வைன்ட்ராபின் குழுவே காட்டியது. 2006இல் ஷின்யா யமனாகா நான்கு காரணிகளைக் கொண்டு முதிர்ந்த எலிச் செல்லை ஏறக்குறைய கருநிலைக்கே திருப்பினார். அந்த நான்கில் அக்ட்4, சாக்ஸ்2, கேஎல்எஃப்4 ஆகிய மூன்றும் மூடிய குரோமாட்டினில் முதலில் அமர்கின்றன. நான்காவதான சி-மிக் அவற்றின் துணையோடுதான் அங்கே செல்கிறது என்று 2012இல் தெரிந்தது. ஆயினும் அந்த மாற்றத்துக்கு வாரக்கணக்கில் காலம் பிடிக்கிறது, நூறு செல்களில் ஒன்றுகூட முழுமையாக மாறுவதில்லை என்பதும் உண்மை. முன்னோடிகளுக்கும் குரோமாட்டின் எளிதில் வழிவிடுவதில்லை.

முன்னோடி என்ற சொல் இன்று சற்று அதிகமாகவே புழங்குகிறது. தனியாகச் சென்று எல்லாவற்றையும் திறந்துவிடும் வீரனின் சித்திரத்தை அது தருகிறது. அண்மைச் சான்றுகள் அந்தச் சித்திரத்தோடு ஒத்துப்போகவில்லை. எலியின் கருநிலைச் செல்களில் ஸ்விட்ச்-ஸ்னிஃப் இயந்திரத்தைச் சேர்ந்த பிஆர்ஜி1 என்ற புரதத்தை நீக்கினால் அக்ட்4 தன் இடங்கள் பலவற்றில் அமரவே முடியாமல் போவதை 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2021இல் வேறு ஆய்வுகள் இந்த இயந்திரத்தை மருந்தால் திடீரென நிறுத்திப் பார்த்தன. திறந்திருந்த பகுதிகள் பல, மணிக்கணக்கில்கூட அல்ல, நிமிடங்களிலேயே மூடத் தொடங்கின. அப்படியானால் திறப்பு என்பது ஒருமுறை நடந்து முடியும் நிகழ்ச்சி அன்று. நியூக்ளியோசோம்கள் ஓயாமல் திரும்பிவர முயல, இயந்திரங்கள் ஓயாமல் அவற்றை விலக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. காரணிகளும் பூட்டிவைத்தாற்போல் அமர்ந்திருப்பதில்லை. உயிருள்ள செல்லில் ஒற்றை மூலக்கூறுகளைப் பின்தொடர்ந்த ஆய்வுகளின்படி, பெரும்பாலான காரணிகள் ஓரிடத்தில் தங்குவது சில நொடிகளே. நொடிக்கு நொடி வந்துபோகும் மூலக்கூறுகளால் ஒரு கல்லீரல் செல் ஆண்டுக்கணக்கில் கல்லீரல் செல்லாகவே நிலைத்திருக்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

வழிகாட்டுதல் ஒருவழியும் அன்று. குளுக்கோகார்ட்டிகாய்டு ஹார்மோனின் ஏற்பி தானே ஒரு படியெடுத்தல் காரணி. ஹார்மோன் வந்ததும் அது சென்று அமரும் இடங்களில் மிகப்பெரும்பாலானவை, ஹார்மோன் வருவதற்கு முன்பே அந்தச் செல்லில் திறந்திருந்தவை. அவற்றைத் திறந்துவைத்தவை அந்தத் திசுவுக்கே உரிய வேறு காரணிகள். ஒரே ஹார்மோன் கல்லீரலில் ஒரு மரபணுத் தொகுப்பையும் நோயெதிர்ப்புச் செல்லில் வேறொன்றையும் இயக்குவதற்கு இதுவே முதன்மையான காரணம். காட்டா-1 தன் 60 லட்சம் இடங்களில் பெரும்பாலானவற்றைக் கடந்து போவதும் இதனால்தான்: உடன் அமரும் காரணிகளும், முன்பு வந்து சென்றவை விட்டுச்சென்ற குரோமாட்டின் நிலையும் சேர்ந்தே அதன் இடத்தை முடிவு செய்கின்றன.

இந்த ஏற்பாடு பிறழும்போது விளைவு கடுமையாகிறது. ஸ்விட்ச்-ஸ்னிஃப் இயந்திரத்தின் மனித வடிவத்தைச் சேர்ந்த ஏதேனும் ஒரு மரபணு, மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 20 சதவீதத்தில் பழுதடைந்திருக்கிறது. குழந்தைகளையும் இளையோரையும் தாக்கும் யூயிங் சார்கோமா என்ற எலும்புப் புற்றுநோயில் பழுது வேறு விதமானது. இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒட்டியதால் உருவாகும் கலப்புக் காரணி, இயல்பான செல்லில் மூடிக்கிடக்கும் ஜி-ஜி-ஏ-ஏ என்று அடுத்தடுத்து வரும் பகுதிகளில் அமர்ந்து, பழுதற்ற இயந்திரத்தை அங்கே அழைத்து, திறக்கக் கூடாதவற்றைத் திறக்கிறது. முன்னதில் விசை கெட்டது. பின்னதில் முகவரி கெட்டது.

அழைப்பு எப்போதும் திறப்பதற்காகவே என்றும் இல்லை. பிறப்பதற்கு முன் நம் இரத்தத்தில் காமா குளோபின் கொண்ட கருநிலை ஹீமோகுளோபின் இருக்கிறது. பிறந்த சில மாதங்களில் அதன் இடத்தைப் பீட்டா குளோபின் கொண்ட ஹீமோகுளோபின் பிடிக்கிறது. காமா மரபணுவை மூடுவதில் முதன்மையானது பிசிஎல்11ஏ என்ற காரணி. அது காமா மரபணுவின் தொடக்கத்துக்கு ஏறத்தாழ 115 எழுத்துகள் முன்னே அமர்ந்து, நுர்டு என்ற தொகுப்பை அழைக்கிறது. அத்தொகுப்பில் நியூக்ளியோசோமை நகர்த்தும் இயந்திரமும் அசெட்டைல் தொகுதியை நீக்கும் நொதியும் சேர்ந்தே இருக்கின்றன. அந்த இடத்திலோ அதை ஒட்டியோ ஓர் எழுத்து மாறிப் பிறந்த சிலருக்கு வாழ்நாள் முழுவதும் கருநிலை ஹீமோகுளோபின் சுரந்துகொண்டே இருப்பது மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. பிசிஎல்11ஏ அங்கே அமர முடியாமல் போவதும் அதற்கு ஒரு காரணம் என்பது 2018இல் விளங்கியது.

பீட்டா குளோபினில் ஒரே ஓர் எழுத்து மாறுவதால் வரும் அரிவாள்செல் நோய்க்கு இதிலிருந்து ஒரு சிகிச்சை பிறந்தது. பிசிஎல்11ஏ புரதம் நரம்புச் செல்களுக்கும் சில நோயெதிர்ப்புச் செல்களுக்கும் தேவை என்பதால் அதை உடல் முழுவதும் அழித்துவிட முடியாது. ஆனால் சிவப்பணுவாக வளரும் செல்லில் அம்மரபணு வலுவாக இயங்குவதற்கு, அதன் உள்ளேயே அமைந்த என்ஹான்சர் என்ற ஊக்கப் பகுதி ஒன்று தேவைப்படுகிறது. அந்த ஊக்கப் பகுதி பிற செல்களில் இந்தப் பணியைச் செய்வதில்லை. 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்த காஸ்கெவி சிகிச்சையில், நோயாளியின் இரத்தக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, கிரிஸ்பர் நொதியால் அந்த ஊக்கப் பகுதியில் ஒரே ஓரிடத்தில் வெட்டி, மீண்டும் உடலுக்குள் செலுத்துகிறார்கள். வெட்டுப்படும் இடம் காட்டா-1 அமரும் ஆறெழுத்துத் தொடர். அது சிதைந்ததும் சிவப்பணுக்களின் மரபில் மட்டும் பிசிஎல்11ஏ குறைகிறது. காமா மரபணுவுக்கு நுர்டு முன்போல் அழைக்கப்படுவதில்லை. மூடப்பட்டிருந்த மரபணு மீண்டும் படியெடுக்கப்படுகிறது. நோயை உண்டாக்கிய பீட்டா குளோபின் எழுத்துப் பிழை அந்தச் செல்களில் அப்படியே இருக்கிறது.